விடைத்தாளின் மறுபுறம்



பரீட்சை மண்டபத்தில் இறுதி மணி அடிக்கிறது. கண்காணிப்பாளர் விடைத்தாளை வாங்கிக் கொள்கிறார். எழுதிய மாணவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக் கொண்டு வெளியே வந்து, தோழர்களோடு வினாத்தாளைப் பற்றிப் பேசிக் கொண்டே வீட்டுக்கு நடக்கிறான். அவனைப் பொறுத்த வரையில் பரீட்சை முடிந்துவிட்டது. ஆனால், இன்னொருவருக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை. அவர் வேறொரு மாவட்டத்தில் இருப்பார். அந்த மாணவனின் பெயரை அவர் அறியமாட்டார். அவர் பெயரை அந்த மாணவனும் அறியமாட்டான். எனினும், இருவருக்கும் இடையே சில நிமிட நேரம் ஓர் உரையாடல் நடக்கப் போகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஓர் ஆண்டின் உழைப்புக்கு விலை கூறப்படுகிறது. விடைத்தாளைத் திருத்தும் அந்த முகமறியா மனிதரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பள்ளிப் பரீட்சையில் ஒரு தவறு நேர்ந்தால் பாதிக்கப்படுகிறவர் பெரும்பாலும் அதை எழுதியவரே. தொழிலுக்குச் சான்றளிக்கும் தேர்வுகள் அத்தகையன அல்ல. ஊசி போடும் செவிலியர், ஆடிட்டர் என்று நாம் அழைக்கும் பட்டயக் கணக்கர், சிறு குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கும் ஆசிரியர் ஆகிய எல்லோரும் ஒரு தேர்வின் வாயில் வழியாகவே தொழிலுக்குள் வருகிறார்கள். தகுதியில்லாதவர் ஒருவர் தேறிவிட்டால் அவரிடம் போகிறவர்களுக்குத் துன்பம். தகுதியுள்ள ஒருவர் தவறிவிட்டால் அவருக்கும் துன்பம். அவருடைய பணியை இழக்கும் ஊருக்கும் நட்டம். ஆகவே, சான்றிதழ் என்பது வெறும் காகிதம் அன்று. "இவரை நீங்கள் நம்பலாம்" என்று ஒரு தொழிலைச் சார்ந்தோர் பொது மக்களுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது.

அந்த உறுதிமொழியை யார் எழுதிக் கொடுக்க முடியும்? அத்தொழிலை அறிந்தவர்தாம் எழுத முடியும். மருத்துவம் தெரியாதவர் மருத்துவ விடைத்தாளைத் திருத்த இயலாது. பேரேடும் ஐந்தொகையும் அறியாதவர் கணக்குப் பதிவியல் விடைத்தாளைத் திருத்த இயலாது. ஆகையால், எந்தத் தொழிலிலும் மூத்தவர்கள் தம் சொந்த வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி, இளையவர்களின் விடைத்தாள்களைப் படித்தாக வேண்டும்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியது அன்று. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் மதுரையில் தோன்றிய தமிழ்ச் சங்கம், நூல்களைப் பதிப்பித்தும் 'செந்தமிழ்' என்னும் இதழை நடத்தியும் வந்ததோடு, பண்டிதத் தேர்வுகளையும் நடத்தியது. அத்தேர்வுகளில் தேறியவர்கள் பள்ளிகளில் தமிழாசிரியர்களாக அமர்ந்தார்கள். இன்னாரிடம் பாடம் கேட்டேன் என்று சொன்னாலே போதும் என்றிருந்த காலம் மாறி, எழுதிக் காட்டித் தகுதியை மெய்ப்பிக்கும் முறை தமிழ்ப் புலமைக்கும் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் அமைந்தது. தன் உறுப்பினராக வர விரும்புவோரைத் தானே தேர்வு செய்து சான்றளிக்கும் பொறுப்பு அந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தொழிலின் வாயிலைத் தொழிலாளர்களே காப்பது என்னும் கருத்து இவ்வாறு சட்டமாயிற்று.

இனி, திருத்தும் வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். நான் நன்கறிந்தது பள்ளிப் பொதுத் தேர்வு முகாமே. ஆதலால் அதையே எடுத்துக் கொள்கிறேன். ஆசிரியப் பயிற்சிப் பட்டயத் தேர்வையும் நடத்துவது அதே அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான். விடைத்தாள் கட்டுகள் வந்து சேர்ந்ததும், தேர்வெழுதியவரின் அடையாளம் இருக்கும் முகப்புப் பகுதி தனியே பிரிக்கப்படுகிறது. முன்னாளில் கையால் ஒரு மறைவெண்ணை இடுவார்கள். இப்போது பட்டைக் குறியீடு இருக்கிறது. திருத்துகிறவருக்கு, தம் கையில் இருப்பது யாருடைய தாள் என்பது தெரிதல் கூடாது. முகாமில் உதவித் தேர்வாளர்கள் குழுக்களாக அமர்வார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முதன்மைத் தேர்வாளர் ஒருவரும் கூர்ந்தாய்வு அலுவலர் ஒருவரும் உண்டு. முதலில் விடைக்குறிப்பை எல்லோரும் சேர்ந்து படித்து, எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண், பாதி எழுதியிருந்தால் எவ்வளவு, வேறு வழியில் கணக்கைச் செய்திருந்தால் ஏற்கலாமா என்று பேசித் தெளிவார்கள். பிறகுதான் சிவப்பு மை தாளில் படும். உதவித் தேர்வாளர் திருத்திய தாளைக் கூர்ந்தாய்வு அலுவலர் பார்ப்பார்: விட்டுப்போன விடை உண்டா, கூட்டல் சரியா, உள்ளே இட்ட மதிப்பெண் முகப்பில் ஏறியிருக்கிறதா என்று சோதிப்பார். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை மறுபடியும் தாமே படித்து ஒப்பிடுவார்.

இந்த உழைப்பின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒருவருக்கு முற்பகலில் 12 தாள், பிற்பகலில் 12 தாள் என்று வைத்துக் கொள்வோம். வேலை நேரம் ஆறு மணி, அதாவது 360 நிமிடம். 24 தாள்களால் வகுத்தால் ஒரு தாளுக்குக் கிடைப்பது 15 நிமிடம். கூட்டவும், முகப்பில் ஏற்றவும், கட்டைப் பிரித்துக் கட்டவும் மூன்று நிமிடம் போகட்டும். மீதி 12 நிமிடத்தில் இருபது பக்கத்தைப் படிக்க வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு 36 விநாடிதான். அந்த 36 விநாடிக்குள் எழுத்தைப் பிரித்தறிய வேண்டும், பொருளை உணர வேண்டும், விடைக்குறிப்போடு ஒப்பிட வேண்டும், எண்ணிட வேண்டும்.

மொத்தச் சுமையையும் பாருங்கள். நம் மாநிலத்தில் மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வை ஏறத்தாழ 8 இலட்சம் பேர் எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆறு தாள் என்றால் 48 இலட்சம் விடைத்தாள்கள். நாளொன்றுக்கு ஒருவர் 24 தாள் வீதம் திருத்தினால் இரண்டு இலட்சம் ஆள்நாள் வேண்டும். பத்து நாளில் முடிக்க வேண்டுமானால் இருபதாயிரம் ஆசிரியர்கள் அமர வேண்டும். ஒரே ஆசிரியர், ஆண்டுக்கு 200 நாள் வீதம் உட்கார்ந்து திருத்துவதாக இருந்தால், அவருக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள் வேண்டியிருக்கும்! நீங்கள் சில வாரங்களில் காணும் தேர்வு முடிவுக்குப் பின்னால் இவ்வளவு கண்களும் கைகளும் உழைக்கின்றன.

இதற்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு ஊதியம் உண்டு. ஆதலால் இதனை முழுத் தொண்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால், கோடை வெயிலில் ஊர்விட்டு ஊர் சென்று, இருபத்து நான்காவது தாளையும் முதல் தாளைப் போலவே படிக்க வேண்டும் என்று மனம் வைப்பதற்கு எந்தப் பட்டியலிலும் ஊதியம் குறிக்கப்படவில்லை. அது கொடுத்தால்தான் உண்டு. கேட்டு வாங்க முடியாது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஒரு முகாமில் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். பிற்பகல் வேளை. ஒரு தாளுக்கு 31 மதிப்பெண் இட்டு அடுத்ததை எடுத்தேன். தேர்ச்சிக்கு 35 வேண்டும். சிறிது நேரத்தில் கூர்ந்தாய்வு அலுவலர், என் தந்தை வயதினர், அந்தத் தாளை என் முன்னே வைத்து, "தம்பி, இந்தக் கடைசித் தாளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எழுதியவர் கூடுதல் தாள்களை நூலால் கட்டும்போது வரிசை மாற்றிக் கட்டியிருந்தார். ஒரு வினாவின் விடை வெற்றுப் பக்கத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. வெற்றுப் பக்கத்தைக் கண்டதும் தாள் முடிந்துவிட்டது என்று நான் நிறுத்திவிட்டேன். அந்த விடைக்கு ஆறு மதிப்பெண் கிடைத்தது. 31 என்பது 37 ஆயிற்று. பெரியவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "வெற்றுப் பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பதற்குத்தான் நம்மை இங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாளை எழுதியது பையனா பெண்ணா, எந்த ஊர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்து கொள்ள வழியும் இல்லை. ஆனால், அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரையில் எந்தத் தாளையும் கடைசி அட்டை வரை புரட்டாமல் நான் கீழே வைத்ததில்லை.

கவனக் குறைவால் நேரும் பிழையை இன்னொரு கண் திருத்திவிடும். ஆனால், கவனமாகப் படித்த இருவரே ஒரே விடைக்கு வெவ்வேறு மதிப்பெண் இடுவதுண்டு. இதைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர், அளவீடுகளில் நேரும் பிழைகளைப் பற்றிய கணித விதிகளைப் பரீட்சை மதிப்பெண்ணுக்கும் பொருத்திப் பார்த்து 1888ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். மதிப்பெண்ணில் தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவர் கண்ட முடிவு. அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையிலும், மற்றொன்றுக்கு 50 முதல் 98 வரையிலும் மதிப்பெண் வந்தது. "மொழிப் பாடத்தில் அப்படித்தான் இருக்கும், கணிதத்தில் இராது" என்று சிலர் கூறினர். மறு ஆண்டு வடிவ கணிதத் தாள் ஒன்றை அவ்வாறே அனுப்பினார்கள். அதற்கும் 30க்குக் கீழிருந்து 90க்கு மேல் வரை மதிப்பெண்கள் பரந்து நின்றன!

இதைவிட வியப்பானது மற்றோர் ஆராய்ச்சி. அதை நடத்தியவர்களுள் ஒருவர் பிலிப் ஹார்டாக். அவர் நம் நாட்டுக்கு அந்நியர் அல்லர். டாக்கா பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக 1920இல் வந்தவர். இந்தியக் கல்வி நிலையைப் பற்றி 1929இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவர். அவரும் ரோட்ஸ் என்பாரும் 1935இல் வெளியிட்ட நூலில் இந்தச் செய்தி இருக்கிறது. 15 வரலாற்று விடைத்தாள்களைத் தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்தார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் கழிந்த பின்னர், அதே தாள்களை அவர்களுள் 14 பேரிடம் மறுபடியும் கொடுத்தார்கள். ஆக 210 தீர்ப்புகள். அவற்றுள் 92இல், அதே மனிதர் அதே தாளுக்கு முன்பு கொடுத்த தீர்ப்பை மாற்றிவிட்டார். முன்பு தேறியதாகச் சொன்ன தாளைப் பின்பு தவறியது என்றவரும் உண்டு. முன்பு தவறியது என்றதைப் பின்பு தேறியது என்றவரும் உண்டு. அப்படியானால், ஒரு மனிதர் பிறரோடு மட்டுமன்றித் தம்மோடு தாமேயும் மாறுபடுகிறார் என்பது விளங்குகிறது.

இதற்குக் காரணம் நேர்மைக் குறைவு அன்று, மனித இயல்பே. மிக நன்றாக எழுதப்பட்ட மூன்று தாள்களுக்குப் பின்னால் வரும் நடுத்தரமான தாள் மட்டமாகத் தோன்றும். மோசமான மூன்று தாள்களுக்குப் பின்னால் அதே தாள் உயர்ந்து நிற்கும். அழகிய கையெழுத்து, கருத்தும் அழகாயிருப்பதாக மயக்கும். காலையில் கண்டிப்பாக இருப்பவர் மாலையில் சோர்ந்து இளகலாம். அல்லது சோர்வினாலேயே கடுமை கொள்ளலாம்.

இதற்கு மருந்து என்ன? ஒன்றுக்கு மேற்பட்டோர், ஒருவர் இட்ட மதிப்பெண்ணை மற்றவர் பாராமல் தனித்தனியே திருத்தி, சராசரி காண்பதுதான். ஆனால், அந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. தற்செயலாக நேரும் பிழை, திருத்துவோர் தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும் என்பது கணித விதி. ஒருவர் திருத்தும்போது பிழை 10 மதிப்பெண் என்று வையுங்கள். இருவர் திருத்தினால் அது 5 ஆகாது. ஏறத்தாழ 7 ஆகும். 5 ஆக வேண்டுமானால் நால்வர் திருத்த வேண்டும். பிழையைப் பாதியாக்க உழைப்பு நான்கு மடங்கு! அதுவும் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் இந்தச் சராசரியும் பயன்படாது. விடைக்குறிப்பைப் பற்றிய கூட்டம் ஏன் அவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் புலப்படும். நீதி விலை மிகுந்த பொருள், நண்பர்களே. அதன் விலை மனிதரின் நேரம்.

இலட்சக் கணக்கானோர் எழுதும் தேர்வுக்கு நால்வர் திருத்துவது இயலாது. ஆனால், சில நூறு பேர் மட்டுமே எழுதும் தொழில் தேர்வுகளில் இருவரேனும் திருத்தும் முறையைப் பின்பற்ற முடிகிறது. காப்பீட்டுத் துறையில் பிரிமியம் எவ்வளவு, இழப்புக்கு எவ்வளவு சேமித்து வைக்க வேண்டும் என்று கணிப்பவர்களை ஆக்சுவரி என்பார்கள். நம் நாட்டில் இத்தொழில் 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்காவில் 1914இல் தோன்றிய விபத்துக் காப்பீட்டு ஆக்சுவரிகளின் சங்கத்தில், உயர்நிலைத் தேர்வின் விரிவான விடைகளைத் திருத்துகிறவர்கள் அச்சங்கத்தின் உறுப்பினர்களே. அவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஒவ்வொரு வினாவையும் இருவர் தனித்தனியே திருத்தி, பிறகு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பது அவர்கள் வழக்கம்.

அத்தொண்டின் அளவையும் கணக்கிடலாம். 600 பேர் எழுதிய தேர்வில் 20 வினாக்கள் என்று கொள்வோம். விடைகள் 12,000. இருவர் படிக்க, 24,000 வாசிப்புகள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 1,200 மணி நேரம். நாற்பது பேர் பகிர்ந்து கொண்டால் ஆளுக்கு 30 மணி நேரம். முப்பது மணி என்பது பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்தவர், குழந்தைகள் உறங்கிய பின்னர் இரவில் இரண்டு மணி வீதம் பதினைந்து நாள் உட்கார்ந்தால்தான் அது முடியும். அதற்கு முன் வினா அமைக்கும் கூட்டங்களும், பின் தேர்ச்சி எல்லையை வரையறுக்கும் கூட்டங்களும் இருக்கின்றன. இவர்கள் வரமாட்டோம் என்று சொன்னால் யாரும் தண்டிக்க முடியாது. ஆனால், வருகிறவர் தொகை குறைந்தால் மிஞ்சியவர்கள் தோளில் சுமை ஏறும், அவர்களும் களைத்து விலகுவார்கள், முடிவு தாமதமாகும், அல்லது இருவர் திருத்தியதை ஒருவரே திருத்தும் நிலை வரும். இழப்பு யாருக்கு? முகம் தெரியாத அந்த 600 பேருக்கு.

"இயந்திரம் திருத்தலாகாதோ?" என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். ஓரளவு திருத்துகிறது. கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் குறியிடும் முறை 1914, 1915ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்தது. குறிகளை எண்ணும் இயந்திரத்தை 1930களில் உருவாக்கிய ரெனால்டு ஜான்சன் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. திருத்தித் திருத்திக் களைத்தவருக்கு அல்லவா அந்த யோசனை தோன்றும்! ஆனால், இதனால் வேலை மறைந்துவிடவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. ஐயத்துக்கு இடமின்றி ஒரே விடை சரியாகவும், மற்ற மூன்றும் அரைகுறையாகப் படித்தவரை மயக்குவனவாகவும் அமைய ஒரு நல்ல வினாவை எழுதிப் பாருங்கள். அதன் கடினம் தெரியும்.

அன்றியும், எத்தனை மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்று சொல்வது யார்? இதற்கு ஆங்காஃப் என்பார் 1971இல் விளக்கிய ஒரு முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. தொழில் அறிந்தவர்கள் சிலர் கூடி, 'தொழிலுக்கு வரத் தகுதியின் எல்லையில் நிற்கும் ஒருவர்' என்று ஒரு மனிதரைக் கற்பனை செய்து கொள்வார்கள். அத்தகையவர் நூறு பேர் இருந்தால், இந்த வினாவுக்கு எத்தனை பேர் சரியாக விடையளிப்பர் என்று ஒவ்வொரு வினாவுக்கும் மதிப்பிடுவார்கள். ஐந்து வினாக்களுக்கு முறையே 80, 60, 50, 90, 40 என்று மதிப்பிட்டால் கூட்டுத் தொகை 320. அதை 100ஆல் வகுக்க 3.2. அதுவே ஐந்து வினாக்களுக்கான தேர்ச்சி எல்லை. வினா 100, உறுப்பினர் 10 என்றால் 1,000 தனித்தனி முடிவுகள். இயந்திரம் நொடியில் எண்ணிவிடும். ஆனால் எது போதுமானது என்று அதற்குச் சொல்லித் தர இத்தனை மனிதர் வேண்டும். தாளைப் படமெடுத்துத் திரையில் திருத்தும் முறையும் இப்போது பரவி வருகிறது. அது கூட்டல் பிழையைப் போக்கும்; விட்டுப்போன விடையையும் சுட்டிக் காட்டும். படித்து உணரும் வேலையோ மனிதருக்கே நிற்கிறது.

எங்கள் கே.ஜி.கண்டிகைக்கு அண்மையிலுள்ள திருத்தணி, தத்துவப் பேராசிரியராக விளங்கிக் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் இளமையில் பயின்ற ஊர். அவர் தலைமையில் 1948, 1949ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பல்கலைக் கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் சொல்லலாம் என்றால் அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்ற கருத்தைத் தெரிவித்தது. 1952இல் அமைக்கப்பட்ட இலட்சுமணசாமி முதலியார் குழுவும் பள்ளிப் பரீட்சைகளைப் பற்றி அதே கவலையைக் கொண்டிருந்தது. ஆசிரியராய் இருந்தவர்களுக்கே அந்தக் கவலையின் ஆழம் தெரியும்.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைப் பகுதியாதலால் தெலுங்கு வழியில் பயின்று பரீட்சை எழுதியோரும் இங்கே உண்டு. கணிதமோ அறிவியலோ தெலுங்கில் எழுதப்பட்டிருந்தால், பாடமும் தெரிந்து தெலுங்கும் படிக்கத் தெரிந்த ஆசிரியரே அதைத் திருத்த வேண்டும். தாள்கள் சில; திருத்தத் தெரிந்தவர்கள் அவற்றினும் சிலர். ஆகவே, அந்தச் சிலரே ஆண்டுதோறும் போக வேண்டியிருக்கும். "நமக்கு மட்டும் விடுமுறை இல்லையா?" என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே. ஆனால், அவர்கள் போகாவிட்டால், தாய்மொழியில் எழுதிய குழந்தையின் விடையை உணர்ந்து படிக்க ஆள் இல்லை. சிறு தொகையினர்க்கு நீதி கிடைப்பது எப்போதும் சிலருடைய கூடுதல் உழைப்பைச் சார்ந்தே இருக்கிறது.

திருத்துவோர் தவறினால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, திருத்தப்பட்ட தம் விடைத்தாளைக் காணத் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயர் மட்டும் வெளியாகக் கூடாது என்றும் அத்தீர்ப்புக் கூறியது. இரண்டும் சரியே. தாள் வெளிப்படையாக இருந்தால் திருத்துபவர் கவனமாக இருப்பார். பெயர் மறைந்திருந்தால் அஞ்சாமல் இருப்பார். ஐயம் இருந்தால் நகல் கேளுங்கள், மறுகூட்டல் கேளுங்கள். அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. நேர்மையான தேர்வாளர் அதை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்.

உங்கள் பங்குக்கும் சில கடமைகள் உண்டு. வினா எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் இடையே இடம் விடுங்கள். கூடுதல் தாள்களை வரிசையாகக் கட்டுங்கள். நடுவே வெற்றுப் பக்கம் விட்டால், தொடர்ச்சி உண்டு என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். அலங்காரமான எழுத்து வேண்டியதில்லை. படிக்கக் கூடிய எழுத்துப் போதும். நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கும் ஒவ்வொரு விநாடியும் உங்கள் கருத்தை உணர்வதற்கே செலவாகும்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஏறுகிறவர் முதற்படியில் வைத்த பக்தியை முந்நூற்று அறுபத்தைந்தாவது படியிலும் வைத்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கால் கடுக்கும்போதுதான் அது கடினம். கால் கடுக்கும்போதுதான் அது பக்தி. கட்டின் கடைசித் தாளும் அப்படிப்பட்டதே.

நாளை உங்களுள் பலர் மருத்துவராகவும், கணக்கராகவும், பொறியாளராகவும், ஆசிரியராகவும் வருவீர்கள். ஒரு நாள் உங்கள் சங்கத்திலிருந்தோ துறையிலிருந்தோ ஒரு கடிதம் வரும். விடைத்தாள் திருத்த வாருங்கள் என்று அழைக்கும். ஊதியம் சிறிதாக இருக்கும், அல்லது இராது. நேரம் இல்லை என்று சொல்ல நூறு காரணங்கள் கிடைக்கும். அப்போது, உங்கள் விடைத்தாளையும் யாரோ ஒருவர் தம் நேரத்தைக் கொடுத்துத் திருத்தினார் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் யார் என்று நீங்கள் அறிய முடியாது. அவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அடுத்து எழுதுகிறவருக்குக் கொடுக்கலாம். போங்கள், அமருங்கள், வெற்றுப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.